திட்டிக்கொண்டே நடக்கிறவர்

பால் பூத் முனையில் ஆரம்பித்த திட்டு மருந்துக்கடை வாசல் வரைக்கும் அறுபடவில்லை. முதல் திட்டு, நடைபாதை மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போனவனுக்கு. “ரோடு இன்னா உங்க வூட்டு ஹாலாடா? அப்படியே ஒரு சோபாவும் கொண்டாந்து போட்டுக்கயேன்!” அடுத்தது, பள்ளம் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்களுக்கு. அதற்கும் அடுத்தது, குப்பைத்தொட்டியில் மேய்கிற மாட்டுக்கு. மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. தெரிந்த ஆள்தான் என்று மறுபடியும் முட்டைக்கோஸ் இலைக்குள் வாயை வைத்துக்கொண்டது.

அரிகிருஷ்ணன் அண்ணன் நடக்கக் கிளம்பிவிட்டார் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, யாரோ சண்டைக்காரர் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். பழைய ஆட்களான நாங்கள் காதை மட்டும் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். சத்தம் கேட்கிற வரைக்கும் கவலை இல்லை. நடுவில் நின்றால்தான் எழுந்து வந்து பார்க்க வேண்டும்.

நான் சேலையூரில் ஒரு அம்மன் கோயில் வாசலில் பூ கட்டுகிறவள். கை நாரோடு ஓடும். கண்ணுக்கு வேலை கிடையாது. தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்தவர் இவர்.

கட்டம் போட்ட லுங்கி, அதற்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ. ஷூ மகள் தீபா வாங்கிக்கொடுத்தது. லுங்கியை மாற்ற மட்டும் அவளால் முடியவில்லை. முன்பு நல்ல ஆகிருதி. இப்போது சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்குகிறது. நேராக இருந்த முடி மருந்தில் கொட்டி, மறுபடி முளைத்தபோது சுருட்டையாக வந்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். “எந்த சலூன்ல இப்படி சுருட்டி உடுவான், சொல்லு?” என்று தலையைத் தடவிக் காட்டுவார்.

தொழில், வாடகைக்குப் பாத்திரம் விடுவது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி, எதுவானாலும் அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் பிளாஸ்டிக் நாற்காலியும் அவருடைய கிடங்கிலிருந்துதான் போகும். அவர் குடும்பம் இந்த ஊரின் பழைய குடித்தனம். நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. மூலையில் மிச்சமான துண்டு நிலத்தில் கிடங்கு. அந்தக் காலத்தைப் பற்றி யாராவது பெருமூச்சு விட்டால் அவருக்குப் பிடிக்காது. “நெல்லு போட்டப்ப கொசு கடிச்சுது. நாற்காலி போடறப்பவும் கொசுதான் கடிக்குது. போய் வேலையப் பாரு” என்பார்.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை என்று கவனிக்காமல் விட்டார். பார்த்தபோது அது நிணநீரில் வந்த புற்றுநோய். கீமோ ஊசி ஏற்ற ஆரம்பித்தார்கள். அதோடு போயிருந்தால் ஒரு கஷ்டம். பாதியில் இதயம் வேறு தாளம் தப்பியது. அதற்கு டாக்டர்கள் ஒரு நீளமான பேர் வைத்திருக்கிறார்கள். “ஏட்ரியல் பிப்ரி… இன்னாவோ கீது. பேரச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்குது” என்பார். எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இது: “பூக்காரம்மா, புதுசா பம்பை கத்துக்கறவன் அடிச்சா எப்படி இருக்கும்? ரெண்டு அடிப்பான், ஒண்ணு உட்டுடுவான், அப்பால நாலையும் சேத்து அடிப்பான். அந்தப் பையன் என் நெஞ்சுக்குள்ள குந்திகினுகீறான்.”

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பினேன். அவர் சிரித்தார்.

நோய் என்றால் படுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம். அதிலும் ரெண்டு நோய் என்றால் அசையவே கூடாது. அவர் மனைவி பச்சையம்மா அக்கா கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டு, மின்விசிறிக்குக் கீழே அவரைக் கிடத்தி, வாசல் கேட்டுக்குப் பூட்டும் போட்டுவிட்டார். சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டுவைத்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கட்டில் ஓரம் நின்று “பாவம்” என்றார்கள்.

“பாவம்னு சொல்றவனுக்கு இனிமே அண்டா கிடையாது” என்று படுத்தபடியே சொன்னார்.

இதயம் பார்க்கிற டாக்டரம்மா சொன்னது வேறு. ஊசி போட்ட அசதி நாட்களில் வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடங்கள், தெம்பு வந்தால் வெளியே நடங்கள், கூட்டத்துக்குள் போகாதீர்கள், அடியோடு படுத்துவிடாதீர்கள் என்றார். எவ்வளவு வேகம் என்று அக்கா பயந்துகொண்டு கேட்டபோது, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு முட்டினால் நின்று உட்கார வேண்டும், உட்கார்ந்தும் அடங்காவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொன்னார்.

“யாரோட பேசறது டாக்டரம்மா?”

“யாரோட வேணா பேசுங்க. பேச்சு வரணும், அவ்ளோதான்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பூட்டைக் கழற்றச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். “நீ இன்னா ஜெயிலரா? நான் இன்னா கொலை பண்ணவனா?” என்று கத்தினார். “என் தாலிய நான் பூட்டி வெச்சுக்கறேன், உனக்கு இன்னா?” என்று அக்கா திருப்பிக் கத்தினார். கேட் திறக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்பக்கமாகக் கிடங்குக்கு ஒரு கதவு இருந்தது. அதைப் பூட்ட அக்காவுக்குத் தோன்றவில்லை.

அங்கேதான் ஆரம்பித்தார். அடுக்கி வைத்த அண்டாக்களின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிராகாரம் சுற்றுகிற மாதிரி கிடங்கைச் சுற்றினார். ஊசி போட்ட மறுநாள் ஒரு சுற்று வந்ததும் சாம்பார் வாளி மேல் உட்கார்ந்துவிடுவார். வாந்தி வந்தால் அதற்கும் பாத்திரம் பக்கத்திலேயே இருந்தது. அதை வாடகைக்கு விடாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டதாக எனக்குச் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். பேச ஆள் இல்லாததால் அண்டாக்களோடு பேசினார். நசுங்கலாகத் திருப்பிக் கொடுத்த ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித் திட்டினார். அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சாதாரணமாகப் பேசினால் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை. திட்டினால் துல்லியமாகத் தெரிந்தது. மூச்சு இருந்தால் திட்டு முழுசாக வருகிறது. குறைந்தால் நடு வார்த்தையில் உடைகிறது.

கேட் திறந்த கதை பின்னால் வருகிறது; அவர் தெருவுக்கு வந்த பிறகு நான்கூட ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, அம்மன் பேரச் சொல்லிகினு நடங்களேன். புண்ணியமாவும் போவும்.”

“சொல்லிப் பாத்துட்டேன்மா. சாமி பேரச் சொன்னா குரல் தன்னால இறங்கிடுது. மூச்சு போறதே தெர்ல. சாமி கும்புடறதுக்கு நேரம் தனி, டெஸ்ட் பண்றதுக்கு நேரம் தனி.”

அக்காவோடு சேர்ந்து நடந்தும் பார்த்தார். பேச்சு முழுக்க அக்காவே எடுத்துக்கொண்டதால் அதுவும் சரிப்படவில்லை.

நடக்கிற வழியில் உட்கார இடம் வேண்டுமே. அவரிடம் இல்லாததா? முதுகில் கடைப்பெயர் பெயிண்ட் அடித்த நீல நாற்காலிகளைக் கொண்டுபோய் வழி நெடுகப் போட்டுவிட்டார். பால் பூத்தில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று, ரேஷன் கடை வேப்பமரத்தடியில் ஒன்று, என் பூக்கடை ஓரத்தில் ஒன்று. திட்டு எங்கே உடைகிறதோ அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்துக்கொள்வார். கண் அரைவாசி மூடியிருக்கும். உதடு அசையும். அப்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். அடங்கியதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து அதே திட்டைத் தொடர்வார். ஒரு நாள் அடங்கவே இல்லை. தானே ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, “ஆஸ்பத்திரிக்கு உடு” என்று ஏறிப் போனார். ரெண்டு நாள் அங்கே இருந்துவிட்டு, மாத்திரையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி பால் பூத்தில் நின்றார். முரட்டுத்தனம் வேறு, அவருடைய பிடிவாதம் வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த நாற்காலிகளில் இப்போது மற்றவர்களும் உட்காருகிறார்கள். காலனியிலிருந்து ராஜாராமன் சார் என்று ஒருவர். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதயத்தில் ஆபரேஷன் ஆனவர். தெருமுனை தாண்டப் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றிருந்தவர், நாற்காலியைப் பார்த்துத் தைரியம் வந்து ஒவ்வொன்றாகத் தாண்டினார். அவரையும் அண்ணன் விடவில்லை.

“சார், நீங்களும் திட்டுங்க சார். அப்பதான் தெரியும்.”

“எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்லையேப்பா.”

“ஆபீஸ்ல ஒரு மேனேஜர் இருந்திருப்பான்ல? அவன நெனைச்சுக்கங்க.”

ராஜாராமன் சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக, “இடியட்” என்றார். கொஞ்ச தூரம் போய், “ஸ்டுபிட்” என்றார். வேப்பமரத்தடிக்கு வருவதற்குள் முகம் சிவந்து, பழைய மேனேஜரின் பேரையே சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஒரு நாற்காலியிலும் உட்காராமல் வந்திருந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இதற்கு அடியில் சிரிக்காத கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் அவர் ஏன் இத்தனை பிடிவாதமாக நடந்தார் என்று விளங்கும்.

ஆடி மாதம் எங்கள் அம்மன் வீதி உலா வருவாள். பல்லக்கை ஆட்கள் தோளில் தூக்கி வருவார்கள். முன்தண்டில் இடது பக்கம் அரிகிருஷ்ணன் அண்ணனுடைய இடம். அவர் அப்பா தூக்கிய இடம். மீசை முளைத்ததிலிருந்து அவர் தோள் அங்கேதான். இடது தோளில் தண்டு அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு இருக்கும். சட்டையைக் கழற்றினால் அதைத்தான் முதலில் காட்டுவார். பிள்ளையின் போட்டோவைக் காட்டுகிற மாதிரி.

கீமோ நடந்துகொண்டிருந்த ஆடியில் அவர் தூக்கவில்லை. கூட்டத்துக்குள் போகக்கூடாது என்பதால் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, கேட்டுக்கு உள்ளேயே கற்பூரத் தட்டோடு நின்றார். நான் பூக்கூடையோடு பல்லக்குக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பம்பையும் உடுக்கையும் தெருவை அதிர வைத்துக்கொண்டு வந்தன. அவர் வீட்டுக்கு ரெண்டு வீடு முன்னால் பல்லக்குத் தூக்குகிறவர்களின் தலைவர் தினகரன் கையைக் காட்டினார். பம்பை நின்றது. உடுக்கை நின்றது. பேச்சுக்கூட நின்றது. தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி எல்லோரும் காலை மெல்ல எடுத்து வைத்தார்கள்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. தட்டைப் பிடித்தபடி தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்தார். மேளக்காரர்கள் இருந்தார்கள். கையில் குச்சி இருந்தது. அடிக்கவில்லை.

“இன்னாடா ஆச்சு? மோளம் எங்க?”

தினகரன் பச்சையம்மா அக்காவின் தம்பி. கேட்டுப் பக்கம் வந்து, தணிந்த குரலில், “ஒண்ணுமில்ல மாமா. ஹார்ட் பேஷண்ட் வூடு. சத்தம் ஆவாதுன்னு அக்காதான்…” என்றார்.

அதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நான்கூட, நல்ல மனசு இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தப்பு என்று தெரிந்தது.

“சாவு வூட்டுக்கே மோளம் அடிக்கிறீங்களேடா! நான் அதுக்கும் கீழ பூட்டேனா? அடிங்கடா! என் வூட்டு முன்னால என் தாயி ஊமையா போவுதுடா! அடிங்…”

குரல் உடைந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஓடிவந்து தட்டை வாங்கினார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மேளக்காரர்களுக்கு இன்னும் பயம். ஒருவரும் குச்சியைத் தூக்கவில்லை. பல்லக்கு அப்படியே நகர்ந்தது. அடுத்த சந்து திரும்பிய பிறகுதான் பம்பை மறுபடி முழங்கியது. அது அவர் காதில் விழுந்திருக்கும். தட்டில் கற்பூரம் யாரும் காட்டாமலேயே எரிந்து தீர்ந்தது.

அன்றைக்கு அவர் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அக்கா என்னிடம் அழுதார். மறுநாள் காலையில் அரிசி டிரம்மைத் திறந்து, சாவியை எடுத்து, அக்காவே அண்ணன் கையில் கொடுத்தார்.

அதிலிருந்துதான் இந்தத் தெரு நடை. அடுத்த ஆடிக்குள் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தாக வேண்டும், மேளம் தன் வீட்டு வாசலில் முழங்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. ஊசிகள் முடிந்தன. கட்டி கரைந்துவிட்டது, ஆனால் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நெஞ்சுக்குள் இருக்கிற கத்துக்குட்டிப் பம்பைக்காரன் மட்டும் போகவில்லை. சில நாள் சமர்த்தாக இருப்பான், சில நாள் ஆட்டம் போடுவான்.

ஆடி நெருங்கியதும் கோயிலில் கூட்டம் போட்டார்கள். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தினகரன் எழுந்து, மாமாவுக்கு இந்த வருஷம் கோயில் வாசலில் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, நாற்காலியில் உட்காரவைத்து மரியாதை செய்யப் போகிறோம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“எவன் வூட்டு நாற்காலிடா மச்சான் அது?”

“உங்க வூட்டு நாற்காலிதான் மாமா.”

“ஊருக்கே நாற்காலி உடறவன் நானு. எனக்கே ஒண்ணு போட்டு குந்த வெக்கறியா? என் எடத்துல எவன் தோளு குடுக்கறான்?”

“மாமா, டாக்டரக் கேட்டுச் சொல்லுங்க. அவங்க சரின்னா நான் குறுக்க வரல.”

கேட்டார். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தண்டு அழுந்தினால் உள்ளே ரத்தம் கட்டிவிடும், அவ்வளவு பாரம் இந்த இதயத்துக்கும் வேண்டாம் என்றார். ஊர்வலத்தோடு நடக்கலாமா என்று கேட்டாராம். நடக்கலாம், ஆனால் நின்று நின்று நடக்க வேண்டும் என்று பதில்.

அன்றைக்கு மத்தியானம் என் கடை ஓர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். திட்டு இல்லை, பேச்சு இல்லை. இடது தோள் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் மனதுக்குள் அம்மனிடம் பேசிக்கொண்டிருந்தேன். தாயே, எதைக் கொடுத்தாலும் கொடு, இந்த மனுஷனுக்கு இந்த மௌனத்தைக் கொடுக்காதே என்று.

ரொம்ப நேரம் கழித்து அவராகத்தான் பேசினார். “நின்னு நின்னு நடக்கணுமாம் பூக்காரம்மா. சாமி ஊர்வலத்துல எவன் நின்னு நின்னு…” அங்கே நிறுத்தினார். மூச்சுக்காக நிறுத்தவில்லை. கண் கோயில் மண்டபத்து மூலைக்குப் போனது.

அங்கே கவைக்கட்டை சாத்தி வைத்திருந்தது. ஆள் உயரத்துக்கு, தலைப்பக்கம் ரெண்டாகப் பிரிந்து கவை விட்ட மரக்கட்டை. பல்லக்கு வீட்டுக்கு வீடு நிற்கும்போது, தூக்குகிறவர்கள் தோளை ஆற்றிக்கொள்ள, முன்னால் ஒரு கட்டையும் பின்னால் ஒரு கட்டையும் தண்டுக்குக் கீழே முட்டுக் கொடுப்பார்கள். பாரம் தரைக்கு இறங்கிவிடும். கட்டைக்காரர் விழாமல் பிடித்துக்கொண்டால் போதும். முன்கட்டைக்காரர்தான் பல்லக்குக்கு முன்னால் நடந்து, எங்கே நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று குரல் கொடுப்பார். அதைப் பல வருஷம் பிடித்திருந்த பெரியவர் மகனோடு கூடுவாஞ்சேரிக்குக் குடிபோய்விட்டார். அதற்குப் பிறகு கையில் கிடைத்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோள் கொடுப்பதில் இருக்கிற கௌரவம் கட்டை பிடிப்பதில் இல்லை என்று ஒருத்தரும் கேட்டு வாங்கவில்லை.

அண்ணன் எழுந்து போய்க் கட்டையை எடுத்து, தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்துக்குப் புறா எல்லாம் பறந்தது.

“மச்சான்!” என்று மண்டபத்தில் இருந்து கத்தினார். “உன் பொன்னாடைய நீயே போத்திக்க!”

போன ஆடி வெள்ளிக்கிழமை. லுங்கியை விட்டு மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். காலில் ஷூ இல்லை. மேளம் அவர் வீட்டைத் தாண்டும்போது அக்காவே வாசலில் நின்று, “பலமா அடிங்க, பலமா!” என்று கை ஆட்டினார். அண்ணன் அந்த இடத்தில் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டையை ஊன்றி நின்றார், நிமிர்ந்து. அக்கா ஆரத்தி காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, என்னோடு பின்னால் வந்துவிட்டார்.

வழியெல்லாம் தூக்குகிறவர்களுக்குத் திட்டுத்தான். “தோள மாத்து! ஏய் கஸ்மாலம், போன் அப்பால பாரு, அம்மா சாயறா பாரு! காலு இன்னா கடன் வாங்கினதா? சேத்து வையி!” அவர் தோளில் இருந்தபோதுகூட அம்மன் இவ்வளவு ஆடாமல் அசையாமல் போனதில்லை. ராஜாராமன் சார் காலனி வாசலில் நின்று, சாமியைக் கும்பிட்டுவிட்டு அவரையும் பார்த்துக் கும்பிட்டார்.

ஏரிக்கரை மேட்டில் ஏறும்போதுதான் எனக்குக் காதில் பட்டது. “தோள மா… தோள…” அடுத்த வார்த்தை வரவில்லை. அக்காவுக்கும் பட்டிருக்கும். என் கையைப் பிடித்தார், வளையல் அழுந்த.

“நில்லு!”

அந்த ஒரு வார்த்தை மட்டும் முழுசாக வந்தது. கட்டை தண்டுக்குக் கீழே போய் நின்றது. பின்கட்டையும் நின்றது. பல்லக்கு இறங்கி அமர்ந்தது. தினகரன் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர், ஒரு பக்கம் மதில் சுவர்.

“மாமா, இங்க எந்த வூடும் இல்லையே. இன்னாத்துக்கு நிறுத்தினீங்க?”

அண்ணனுடைய ஒரு கை கட்டையைப் பிடித்திருந்தது. அதன் மணிக்கட்டில் மறு கையின் விரல்கள் இருந்தன. கண் அரைவாசி மூடி, உதடு அசைந்தது. நெற்றியில் வேர்வை திருநீற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

தினகரனுக்குப் புரிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்து மேளக்காரர்களுக்கும் புரிந்தது. பம்பைக் குச்சி மெல்லத் தாழ்ந்தது. உடுக்கை அடங்கியது. தெரு அப்படியே, முந்தின ஆடி போலவே, ஊமையாயிற்று. யாரோ ஒருத்தர் “ஐயோ பாவம்” என்று ஆரம்பித்தார்.

பச்சையம்மா அக்கா என் கையை விட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கற்பூரத்தை எடுத்து, அர்ச்சகர் கையிலிருந்த தட்டில் வைத்து, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நின்றுகொண்டு கொளுத்தினார்.

“சாமி நின்னா ஆரத்தி காட்டணும். இது கூடவா தெரியாது?” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். கண் கணவர் கைமேல்தான் இருந்தது.

கற்பூரம் எரிந்தது. நான் அம்மனைப் பார்க்கவா, அவரைப் பார்க்கவா என்று தெரியாமல் ரெண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டேன். உதடு அசைவது நின்றது. தோள் ஒரு தரம் உயர்ந்து இறங்கியது. கண்ணைத் திறந்தார். திறந்ததும் தாழ்ந்திருந்த பம்பைக் குச்சிகளைத்தான் பார்த்தார்.

மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுத்தார். கட்டையை விடாமல், அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, பம்பைக்காரரைப் பார்த்துப் பலமாக ஒரு சொடக்குப் போட்டார்.